மாட்டுப் பொங்கலன்று நான் கழுவிய ஃபில்டர்

அண்ணன் பிக்கப் வண்டி வாங்கி வந்த அன்று அண்ணி அவருடைய பாஸ்போர்ட்டை ஒரு பழைய புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். “இனிமே இது வெளியில வரக்கூடாது, ஆமா” என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஆறு வருடம் வெளிநாட்டில் லாரி ஓட்டியவர் அவர். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இருந்தவரை குத்தகை நிலத்தில் உழைத்தே ஓய்ந்துபோனார்கள். அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டார். இரண்டாவது முறை லீவில் வந்தபோது அவருடைய மகள் அண்ணியின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, “யாரும்மா இந்த மாமா?” என்று கேட்டாள். அண்ணன் சூட்கேஸைக்கூடத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

வண்டி பேராவூரணிப் பக்கம் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வண்டி. வாங்கும் முன்பு திருப்பனந்தாளில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கை அண்ணன் கூட்டிப்போனார். அவர் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டிப் பார்த்தார். புகை தள்ளவில்லை. “இன்ஜின் நல்லாருக்குப்பா. தூசி உள்ள போகாம, ஆயில் குறையாம பாத்துக்கிட்டின்னா இன்னும் ஆறேழு வருஷம் உழைக்கும். அதுல கோட்டை விட்டுட்டு என்கிட்ட வந்து அழாத” என்றார்.

ஆறேழு வருடம் என்றால் மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும்வரை அண்ணன் வீட்டில் இருப்பார். அண்ணி அப்படித்தான் கணக்குப் போட்டார். வண்டி ஓடுகிறவரை அண்ணன் ஊரில்.

அதனால் அந்த வண்டியை அண்ணன் பார்த்துக்கொண்ட விதமே வேறு. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவி, கிழிந்த லுங்கித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்ப்பார். சொட்டு ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து முகர்வார். நெல்லும் வைக்கோலும்தான் லோடு. வேதாரண்யம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு வைக்கோல் கட்டு கொண்டு போவார். திரும்பும்போது உப்பு ஏற்றிப் போகச் சொல்வார்கள். மாட்டேன் என்றுவிடுவார், பாடி அரித்துப்போகும் என்று. காலி வண்டியாகவே வீடு வந்து சேர்வார்.

வேலைக்காக வெளியூரில் இருந்த எனக்கு அவரிடமிருந்து வாரம் இரண்டு தடவையாவது போன் வரும்.

“ஏன்டா, எடுத்தவுடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்கக்கூடாதுங்கிறாங்களே, அது ஏன்?”

“ராத்திரி பூரா நின்னதுல ஆயில் கீழ இறங்கிடும்ணே. அது மேல ஏறி எல்லா இடத்துலயும் பரவுறதுக்குள்ள ரேஸ் பண்ணா இரும்பும் இரும்பும் உரசும். அரை நிமிஷம் சும்மா ஓடவிட்டுட்டு எடு.”

“ம். நீ சொன்னா சரிதான்.”

கூட யாராவது இருந்தால், “என் தம்பி, இன்ஜினியரு” என்று அவர் சொல்வதும் போனில் கேட்கும். நான் படித்தது டிப்ளமோ. திருத்தியதில்லை.

போன வருடப் பொங்கலுக்கு மூன்று நாள் லீவில் ஊருக்குப் போனேன். எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலன்று தண்ணீர் காட்டாத பொருளே கிடையாது. மாடு, ஏர், மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், டிராக்டர் எல்லாம் குளிக்கும். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. வண்டிதான் மாடு. அண்ணன் வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி டயர் டயராகத் தேய்த்தார். மகள் கண்ணாடியில் மாட்டுவதற்கு நெட்டி மாலையோடு காத்திருந்தாள்.

நான் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். இன்ஜின் இழுக்கும் காற்றில் இருக்கும் தூசியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். மடிப்பு மடிப்பாகப் பேப்பர், ஓரத்தில் ரப்பர். அறுவடைச் சுணையும் புழுதியும் மடிப்புகளில் அப்பிக்கிடந்தன.

“அதை நான் தட்டித்தாண்டா போடுவேன்” என்றார் அண்ணன்.

“தட்டினா மேலோட அழுக்குதான் போவும்ணே. அலசணும்.”

“தண்ணி படலாமா அது?”

“படலாம். ஹாஸ்டல்ல பைக்குக்கு நாங்க சோப்புத் தண்ணியில ஊற வச்சுத்தான் அலசுவோம்.”

பைக்கில் இருந்தது ஸ்பாஞ்ச். கையில் இருந்தது பேப்பர். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பரீட்சையில் இன்ஜினின் நான்கு ஸ்ட்ரோக்கையும் படம் போட்டுப் பத்து மதிப்பெண் வாங்கியவன், பிக்கப் ஃபில்டரைக் கையில் எடுத்தது அன்றுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவும் அண்ணன் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அண்ணன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. “உங்க சித்தப்பா படிச்சவுரு, விடு” என்று மகளிடம் சொன்னார்.

ஃபில்டரை வாளியில் சோப்புப் பவுடர் போட்டு அமுக்கி, வாய்க்கால் தண்ணீரில் மூன்று தடவை அலசினேன். வெள்ளை வெளேரென்று வந்தது. கூரை மேல் தை மாச வெயிலில் காயவைத்து, சாயங்காலம் நானே மாட்டினேன். பொட்டு வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைத்து, தட்டைத் தட்டிக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் வண்டியைச் சுற்றி வந்தோம். “பொங்கலோ பொங்கல்” என்று அண்ணன் மகள் கத்தியதில் தெரு நாய் ஓடியது. அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்த கடைசி நாள் அது.

மறுநாள் நான் கிளம்பிவிட்டேன். சம்பா அறுவடை மும்முரம். மெஷின் அறுத்துப் போட்ட வயலுக்குள்ளேயே வண்டியை இறக்கி வைக்கோல் கட்டு ஏற்றுவார்கள். வண்டி இருப்பதே தெரியாத அளவுக்குப் புழுதி பறக்கும். அண்ணனுக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது.

“டேய், ஆயில் குறையுதுடா. எங்கயும் ஒழுவல. பாலம் ஏர்றப்ப முந்தி மாதிரி இழுக்கவும் மாட்டேங்குது. ஃபில்டர் வேற அப்பளம் மாதிரி வெறப்பா இருக்கு.”

எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. “கழுவினது அப்படித்தான்ணே இருக்கும். பழைய வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கும். ஊத்தி ஓட்டு.”

“சரிடா. நீ சொன்னா சரிதான்.”

ஊற்றி ஓட்டினார். பங்குனியில் நான் லீவில் போனபோது வண்டி நீலமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. இருவருமாக அந்த மெக்கானிக்கிடமே கொண்டு போனோம். அவர் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை தள்ளியது. இன்ஜினை நிறுத்தி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் முகப்பவுடர் மாதிரி மண். ஒரு துளி தூசிகூட இருக்கக்கூடாத இடம் அது.

“மண்ணைத் தின்னுருக்குப்பா. ரிங், லைனர் எல்லாத்தையும் அரம் போட்டு ராவுன மாதிரி ராவிருக்கும். முழு இன்ஜின் வேலை.”

பிறகு ஃபில்டரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மடிப்புகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ரப்பர் ஓரத்தில் பேப்பர் விட்டுப்போய், நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியே வெளிச்சம் வந்தது.

“எந்தப் புண்ணியவான் இதைத் தண்ணியில போட்டது?”

வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அண்ணன், “நான்தாண்ணே. மாட்டுப் பொங்கலுக்குக் கழுவினேன்” என்றார்.

“கழுவினியா? ஏம்ப்பா, இது என்ன உன் பனியனா? பக்கத்துல இன்ஜினியர் தம்பியை வச்சுக்கிட்டிருக்க. அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாது?”

“தோணலண்ணே” என்றார் அண்ணன்.

மெக்கானிக் என் பக்கம் திரும்பி, “நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா தம்பி?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். “அண்ணே, நான்...” என்று ஆரம்பித்தேன்.

“விடு. ஊரு பூரா உன்னை இன்ஜினியர்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கி உன்னைப் பாத்து ஒருத்தன் சிரிச்சா எனக்கு நல்லாருக்குமா? வீட்டுலயும் வாயைத் திறக்காத.”

நான் திறக்கவில்லை. அவர் சொன்னதால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், அவர் அப்படிச் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வீட்டில் அண்ணியிடமும் அண்ணன் அதையே சொன்னார். அண்ணி அவரைப் பார்த்து, “ஒரு பேப்பரைக் கழுவக்கூடாதுன்னு தெரியாத ஆளு எதுக்குங்க வண்டி வாங்குனீங்க? புள்ளகூட இருக்கணும்னு நெசமாவே நெனப்பு இருந்துச்சா உங்களுக்கு? திரும்பப் போறதுக்கு வழி பாத்தீங்களா?” என்றார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிட்டு முடித்தேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இன்ஜின் வேலை பார்க்கும் நிலைமையில் நாங்கள் இல்லை. வண்டியை அண்ணன் வந்த விலைக்கு அங்கேயே தள்ளிவிட்டார். சித்திரையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தது அண்ணிதான். புடவைச் சுற்றைப் பிரிக்காமல் அப்படியே அண்ணன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும் கூடப் போனேன். உள்ளே போகும் முன் அண்ணன், “உன் பைக்குக்கு ஆயில் மாத்திட்டியா?” என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இந்த வருடப் பொங்கலுக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று காலை, முன்பு வண்டி நின்ற இடத்தில் அண்ணன் மகள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தரையில் ஆயில் கறை இருந்தது. அதன் மேல் மாவு சரியாகப் பிடிக்கவில்லை.

“சித்தப்பா, அப்பா தண்ணியில போட்டதாலதான வண்டி கெட்டுப்போச்சு?”

“யாரு சொன்னா?”

“அம்மாதான். எல்லார்கிட்டயும் சொல்லும்.”

ஒரு வருடமாக அந்த வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கிறது. அப்பா என்றால் வண்டியைக் கெடுத்துவிட்டுப் போனவர். யாரும்மா இந்த மாமா என்று கேட்ட அதே பிள்ளை.

உள்ளே போனேன். அண்ணி பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அண்ணி, ஃபில்டரை அண்ணன் கழுவல. நான்தான் கழுவினேன். கேக்கக் கேக்க, தண்ணி படலாம்னு சொன்னேன். ஆயில் குறையுதுன்னு போன் பண்ணப்பவும் ஊத்தி ஓட்டச் சொன்னது நான்தான். எனக்காகத்தான் அண்ணன் பழியை ஏத்துக்கிட்டுது.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவருடைய கை அரிசித் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. “அவுங்க கிளம்புறப்ப நான் பேசவே இல்ல, தம்பி” என்றார். “வாசல் வரைக்கும்கூட வரல. கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.”

“அங்க இப்ப மணி என்ன இருக்கும்?” என்று கேட்டார்.

“விடிஞ்சிருக்கும் அண்ணி. அண்ணன் வண்டி எடுத்திருக்கும். ஓட்டுறப்ப போன் எடுக்க விடமாட்டாங்களாம்.”

அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றதும் மறுபடி அடித்தார்.