வாப்பாவின் தட்டு

சுனாமி எங்கள் வீட்டையும் கணவரின் தோணியையும் கொண்டுபோன பிறகு, சாய்ந்தமருதில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். அங்கேதான் ஒன்றரை வயது மகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. கல்முனை ஆசுபத்திரியில் வைத்திருந்து சுகமாக்கிக் கொண்டுவந்தோம். தூக்கினால் கையில் பாரமே தெரியவில்லை.

தாய், பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமாது கொட்டிலுக்கே வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். "வருத்தம் மாறின புள்ளைக்கு முந்தியவிடக் கூடுதலாக் குடுக்கணும். ஒவ்வொரு நாளும் ஒரு நேரம் அதிகமாக் குடுங்க. இந்த மா புள்ளைக்கு மட்டும்தான்" என்று சத்துமாப் பைகளைத் தந்தார்.

சொல்வது லேசு. மாவைக் கூழாகக் காய்ச்சினேன், வாயை இறுக்கிக்கொண்டாள். முட்டையை மசித்து ஊட்டினேன். என் மேலேயே துப்பினாள். நிவாரணம் கொண்டுவருகிறவர்களோ பிள்ளையைக் கண்டதும் பிஸ்கட்டை நீட்டினார்கள். வேண்டாம் என்றால் எனக்குப் பெருமையாம். பிஸ்கட் தின்றவள் சோற்றைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். பக்கத்துக் கொட்டில் ராத்தா வேறு, "வருத்தத்தால எழும்பின புள்ளைக்கு வெறுங்கஞ்சி குடு, முட்டை செமிக்காது" என்று வந்து வந்து சொன்னார்.

மா மட்டும் குறைந்துகொண்டே போனது. ஒரு காலை பவுசர் வண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கணவர் சத்துமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, உருண்டை பிடித்து, தேத்தண்ணியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது புள்ளட மா."

"அவள் தின்னுறாளில்லயே. வீணாப் போற சாமான்தானே."

குடத்தை வைத்த வைப்பில் பாதித் தண்ணீர் சிந்திப்போனது.

அடுத்த முறை நிறுத்தபோது பிள்ளையின் எடை ஏறவில்லை. நான் வாய் திறப்பதற்குள் கணவர், "நல்ல மா மிஸ், தேத்தண்ணிக்கு நல்லாரிக்கி" என்றார்.

"அப்ப உங்கட எடையையும் பார்க்கட்டா?" என்று கேட்டார் மருத்துவமாது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளும் அவர் தட்டோடு இருந்ததைக் கண்டு கத்தப் போனேன். ஆனால் மகள் அவருடைய முழங்காலில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். மாவைச் சுடுதண்ணீர் விட்டு இளக்கி, அவர் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்க, விழுங்கிவிட்டுத் தட்டில் கையை விட்டாள்.

"நான் தின்னல்ல. அவளுக்குத்தான். எண்ட தட்டெண்டால் தின்னுறாள்" என்றார்.

அதற்குப் பிறகு முட்டையும் முள் எடுத்த மீனும்கூட அந்தத் தட்டில் போட்டால்தான் உள்ளே போனது. அதே முட்டை, அதே மீன். ஆக்கியது நான், முள் எடுத்தது நான். என் கையால் ஒரு வாய் வாங்கமாட்டாள்.

எடை ஏறியது. கன்னத்தில் சதை வைத்தது. பக்கத்து ராத்தா பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், வாப்பாதான் புள்ளயத் தேத்தி எடுத்தது" என்றார். மருத்துவமாதும் அடுத்த மாப் பைகளை அவருடைய கையில் கொடுத்து, எப்படிக் கொடுக்கவேண்டும் என்று அவருக்கே விளக்கினார். அவர் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டினார். பிள்ளை தேறியதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அன்று பகல் முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை. ஏன் என்று அவருக்கு விளங்கவும் இல்லை.