கிண்ணியாத் துறையின் மீன் பரிகாரி

வாலில் பிடித்துத் தூக்கிய விளைமீனைத் தாஹிர் ஒரு தரம் உதறினார். முதுகு நேராய் நின்றது, கூடைக்குள் போட்டார். அடுத்தது ஈரத் துவாய்போலத் தொங்கியது. வெடி போட்டுப் பிடித்த மீனுக்கு நடுமுள் நொறுங்கியிருக்கும். தோணிக்காரரிடமே அதைத் திருப்பி நீட்டினார்.

"இத உங்கட பூனைக்குக் குடுங்க."

நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல மீனைச் சோதிப்பதால், மீன் வியாபாரியான இவருக்குக் கிண்ணியாத் துறையில் 'மீன் பரிகாரி' என்று பட்டம். கதைக்கும்போது கையில் இருக்கிற மீனாலேயே ஆளைச் சுட்டுவார். மூக்கில் இடிபடாமல் இருக்க எல்லாரும் ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள்.

கடல் என்று வாயெடுத்தால் போதும், வெள்ளைக்காரரின் கப்பல்கள் குடாவில் நின்ற காலத்துக்கே போய்விடுவார். "அப்ப நானும் தோணியில போறவன். பவளப்பாருக்கு மேல குனிஞ்சு பாத்தா, கலவாய் மீன் அண்ணாந்து பாத்து 'என்ன காக்கா, சுகமா?' எண்டு கூடப் பொறந்த தம்பி மாதிரிக் கேக்கும். அத எங்கட உம்மா ஆக்கினாவெண்டா தெருவே மணக்கும். இப்ப? வெடியில பவளமெல்லாம் நொறுங்கிச் சுண்ணாம்பாக் கிடக்கு." சொல்லிவிட்டுக் குடாவையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்நேரம் யாரும் விலை கேட்பதில்லை.

போன கிழமை, தங்கை சுபைதாவின் புருஷன் ஸுஹைர் கூடையோடு வந்தார். தாஹிர் ஒரு மீனைத் தூக்கினார்; தொங்கியது. இன்னொன்று, அதுவும் தொங்கியது.

"என்ன பரிகாரியார், சொந்தக்காரருக்கு மருந்தில்லையா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"மச்சானெண்டு பாக்க மாட்டீங்களா?" என்றார் ஸுஹைர்.

"மச்சானெண்டு பாத்துத்தான் சும்மா நிக்கிறன். வேற ஆளெண்டா கூடையோட கடலுக்க எறிஞ்சிருப்பன்."

ஸுஹைர் கூடையைக் கீழே வைத்தார். "என்னோட கடலுக்கு வந்த ஹிஸ்புல்லா கொழும்புக்குப் போயிட்டான். ஒத்த ஆள் வலை இழுக்க ஏலுமா? நேத்து உங்கட தங்கச்சிட குசினியில அடுப்பு மூட்டல்ல. வெடியெண்டா எறிய ஒரு கை போதும், மச்சான்!"

"ஓம், கடைசியில மிஞ்சுறதும் அந்த ஒரு கைதான்."

தாஹிர் தம் கூடையைப் பக்கத்து வியாபாரியிடம் தள்ளிவிட்டார். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். தடுமாறித் தடுமாறி மச்சானின் தோணிக்குள் ஏறினார். தண்ணீர் காணாமல் காய்ந்து கிடந்த வலையின் ஒரு தலைப்பைத் தாம் பிடித்துக்கொண்டு, மற்றதைக் கரையில் நின்ற ஸுஹைரின் கைக்கு எறிந்தார்.