ஜோவோ ஜெயிச்ச பந்தயம்

சேகரண்ணே, நீ எறந்தப்புறம் மொத தடவயா பஸ் ஏறி பத்தாங் பெர்ஜுந்தாய் வந்துருக்கேன். நீ எப்பவும் தே தண்ணி குடிக்கிற ஒட்டுக்கடையிலதான் உக்காந்துருக்கேன். ஒங்கூட தோட்டத்துல வேல செஞ்ச தீமோர்காரர் ஜோவோ எதிர்ல இருக்காரு. அவரு நாட்ட ஆசியான் கூட்டமைப்புல சேத்துட்டாங்களாம், டிவியில காட்டுறான். எத்தன வருசம் வாசல்லயே நிக்க வச்சானுங்க. நீயும் இங்கயே பொறந்துட்டு, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற செவப்பு ஐசிய வச்சுக்கிட்டு குடியுரிமைக்கு அப்படித்தான் நின்ன. அவரு நாடா நீயா, யாரு மொதல்ல உள்ள போறதுன்னு ஒங்க ரெண்டு பேருக்கும் பந்தயம். தோத்தவரு தே வாங்கணும்.

ஒனக்குப் பதிலா நான் வாங்க எந்திரிக்கிறேன்.

"உக்காருலா தம்பி," தோட்டத்துல கத்துக்கிட்ட தமிழ்ல சொல்றாரு ஜோவோ. "சேகர் தோக்கல. அவனுங்கதான் லேட்டு பண்ணிட்டானுங்க."

அவரே வாங்கி, நீ குடிக்கிற மாதிரி சீனி கொறச்ச தே கிளாஸ காலி நாக்காலி முன்னால வைக்கிறாரு.

இதப் படிக்கிற எல்லாரும் எங்கண்ணனுக்காக வேண்டிக்குங்க. போன எடத்துலயாச்சும் வாசல்ல நிக்க வைக்காம உள்ள விடட்டும்.