சின்ன லைன் சீனித்தம்பி

கில்ட்வூட் ஸ்டேசனில் ரயில் வந்து நின்றதும் சீனித்தம்பி முதலில் பார்ப்பது கைக்கடிகாரத்தை, பிறகுதான் கதவை. "ரெண்டு நிமிசம் லேட்டு" என்று பக்கத்தில் நிற்பவருக்கு, அவர் கிரேக்கராக இருந்தாலும் சரி, தமிழிலேயே அறிவிப்பார். இலங்கையில், மட்டக்களப்பு ரயில் பாதையில் இருபத்தாறு வருடம் நிலைய அதிபராக இருந்தவர். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா?

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மோர்னிங்சைட் வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதி அவருடைய கொப்பிகளுக்கு. இலங்கையின் கிளை ரயில் பாதைகளின் வரலாறு எழுதுகிறார். "யாழ்ப்பாண லைனப் பத்திச் சொல்ல ஊர்ப்பட்ட ஆக்கள் இருக்காங்க. சின்ன லைனுக்கு ஆரு இருக்கா?" களனிப் பள்ளத்தாக்கு, திருகோணமலை, மட்டக்களப்பு என மூன்று அத்தியாயம் முடிந்தது. புனானைக்குப் பக்கத்தில் தண்டவாளத்தை விட்டு நகர மறுத்த யானைக்கு மட்டும் நான்கு பக்கம். மிச்ச மேசையில் கறிவேப்பிலை ஆய்கிற மனைவி கோணேஸ்வரி, "யானைக்கும் ரிக்கற் குடுத்தீங்களா?" என்பார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் வேலை தலைமன்னார்ப் பாதையில் வந்து முட்டிக்கொண்டது. அந்தப் பாதையைக் கரைத்துக் குடித்தவர் இங்கே ஒருவர்தான்: பிக்கரிங்கில் இருக்கும் முன்னாள் நிலைய அதிபர் நீக்கிலாஸ். அவருக்கு மூக்கு நுனியில் கோபம். சின்ன லைன் புத்தகத்துக்கு எழுதித் தரும்படி சீனித்தம்பி டெலிபோனில் கேட்டதும் வெடித்தார். "போட் மெயில் ஓடின பாதை காணும். கப்பலேறி இந்தியாவுக்குப் போன சனம் எங்கட லைனாலதான் போனது. அது உமக்குச் சின்ன லைனோ?" டெலிபோனை வைத்துவிட்டார். அடுத்த மாதம் முதியோர் சங்கம் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கிறது. மன்னார் அத்தியாயம் இல்லாவிட்டால் சீனித்தம்பிக்கு அது மூன்று காலில் நிற்கும் நாற்காலி. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள், தோட்டத்து ரப்பர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டி வளையமாகக் கட்டினார். கோணேஸ்வரியின் பழைய கைப்பையை அதில் தொங்கவிட்டார். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, அனுமதித் தகட்டை இப்படித்தான் பிரம்பு வளையத்தில் மாட்டி, ரயில் ஓட்டுநரும் நிலைய அதிபரும் கைமாற்றுவார்கள். பைக்குள் ஒரு வெற்றுக் கொப்பி. அட்டையில் 'மன்னார்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"நீக்கிலாஸ் வாங்காட்டி?" என்று கேட்டார் கோணேஸ்வரி.

"நீட்டின வளையத்த வாங்காம விட்ட ரயில்வேக்காரன நான் காணல்ல. வாங்கினா அதுக்குப் பிறகு பொறுப்பு அவருக்குத்தான்."

ரயில் பைத்தியத்தில் நீக்கிலாஸும் லேசுப்பட்டவர் இல்லை. சனிக்கிழமைதோறும் பிக்கரிங் மேடையில் நின்று ரயில் பார்க்கிறவர் என்று சீனித்தம்பி விசாரித்து வைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமையும் நின்றார். சீனித்தம்பி ஏறி வந்த ரயிலின் கதவு திறந்தது. அவர் உள்ளே நின்றபடியே வளையத்தை வெளியே நீட்டினார். நீக்கிலாஸ் ஏதோ ஏசத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய இடக்கை தன்பாட்டில் வளையத்துக்குள் புகுந்து, அதைத் தோள்வரை ஏற்றிக்கொண்டது. வலக்கை மேலே போய், இல்லாத பச்சைக்கொடியை அசைத்தது.

கதவு மூடி ரயில் அடுத்த ஸ்டேசனான அஜக்ஸ் பக்கமாக நகர்ந்தது. சந்தோசத்தில் இறங்க மறந்துபோன சீனித்தம்பி, கண்ணாடிக்குப் பின்னால் விறைத்து நின்று, அந்தக் கொடிக்குக் கையுயர்த்தினார்.