லெஃப்ட்னா ரைட்டு

இது கதையாக இருந்தால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். கதை எழுதுகிறவர்கள் அந்த அளவுக்காவது இரக்கம் காட்டுவார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஒன்றே ஒன்று... படித்து முடித்துவிட்டு, "தூக்கம் கெட்டவனுக்கு இப்படித்தான் காதில் ஏதாவது கேட்கும்" என்று விளக்கம் சொல்ல யாரும் வராதீர்கள். ராத்திரி ஷிஃப்ட் வேலையை நான் அதற்கு முன்பே விட்டுவிட்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன்.

முதலில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு இடது வலது தெரியாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாது. கண் டாக்டர் இடது கண்ணை மூடச் சொன்னால் வலதை மூடுவாள். ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் அதிகாரி, "ரைட் சிக்னல் போடுங்க" என்றார். இவள் லெஃப்ட் போட்டாள். "ரைட்டும்மா, ரைட்டு!" என்று கத்தினார். "ரைட்டு சார்" என்று தலையாட்டிவிட்டு லெஃப்டில் திரும்பி, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு ஸ்கூட்டர் பேச்சே இல்லை. தினமும் என் சைக்கிள் கேரியர்தான்.

தையல் கம்பெனிக்கு அவளை நான்தான் கொண்டுபோய் விடுவேன். பின்னால் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே வருவாள். எனக்கு வழி தெரியும் என்றாலும் சொல்வாள்.

"லெஃப்ட்ல போடா."

நான் ரைட்டில் திருப்புவேன். சரியான தெரு வரும்.

"நீ லெஃப்ட்னுதானே சொன்ன?"

"உனக்குப் புரிஞ்சுதுல்ல? அப்புறம் என்ன வாய்?"

சில நாள் அவளுக்கு ரோஷம் வந்துவிடும். "டேய், இந்தத் தடவை யோசிச்சுச் சொல்றேன்டா. சத்தியமா லெஃப்ட்டு!" அப்போதும் ரைட்டாகத்தான் இருக்கும். அக்கா லெஃப்ட் என்றால் ரைட். வருடக்கணக்கில் அப்படியே ஓட்டி, கை தானாகவே திரும்பப் பழகிவிட்டது. ஒரு தடவைகூட வழி தவறியதில்லை.

அவள் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். மூளைக்குள் ஏதோ ரத்தக்குழாய் வெடித்ததாம். பக்கத்து மெஷின்காரி அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, சூப்பர்வைசர் பார்த்துவிடப் போகிறாரே என்று மறைத்து உட்கார்ந்திருந்தாளாம்.

அக்கா மகளுக்கு ஆறு வயது. மிளகு என்று கூப்பிடுவோம். உருவம் அவ்வளவுதான், காரம் அதிகம். அத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தார். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது.

வெளிநாட்டு வேலை உறுதியாகிவிட்டது. இன்றைக்கே கிளம்புகிறோம். இந்த நம்பர் இனிமேல் வேலை செய்யாது. ஏழரைக்கு வேன் வரும். "மிளகு உன்னையேதான் கேட்டுட்டு இருக்கா. கொஞ்சம் வந்துட்டுப் போடா." கீழே விலாசம்.

போனால் வருவதற்கு எத்தனை வருடமோ. அக்கா என்று எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பொடிசு ஒன்றுதான். அதை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் இல்லை.

வெளியே நல்ல மழை. அந்தப் பக்கம் வருவதற்கு ஒரு ஆட்டோக்காரரும் சம்மதிக்கவில்லை. சைக்கிளை எடுத்தேன். போனில் விலாசத்தைப் போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். இயர்போன் ஒயரை கவரின் ஓட்டை வழியாக இழுத்து ஒரு காதில் மாட்டினேன். மேலே மழைக்கோட்டு. திரையைப் பார்க்க வழியில்லை. குரல் சொல்கிறபடி போக வேண்டியதுதான்.

போனில் வழி சொல்லும் பெண்ணுக்கு மிளகு வைத்த பெயர் டீச்சரம்மா. அப்படி ஒரு இலக்கணத் தமிழ்.

"முந்நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."

திரும்பினேன். ஆறரைக்கெல்லாம் பாதி தூரம் வந்துவிட்டேன். ரயில் பாலத்துக்கு அடியில் முழங்கால் அளவு தண்ணீர். இறங்கித் தள்ளினேன். அங்கே மழைக்கோட்டுக்குள் ஏதோ இழுபட்டது மாதிரி இருந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேடேறி மறுபடி மிதித்தபோது டீச்சரம்மாவின் சத்தமே இல்லை.

வெறும் மழை.

ஒரு முச்சந்தி வந்தது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் காலை ஊன்றினேன்.

'டிக்' என்று காதில் ஒரு சத்தம்.

"லெஃப்ட் எடுடா."

அக்கா குரல்.

பழைய வாய்ஸ் மெசேஜ் ஏதோ தானாக ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் அனுப்பியதையெல்லாம் நான் அழிக்கவில்லை. போனில் தண்ணீர் இறங்கி எதையோ அழுத்திவிட்டிருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் கை தானாக ரைட்டில் திருப்பியது.

"ஐயோ..." என்றது குரல். "சரி விடு. முன்னாடி பள்ளம் இருக்கு, பாத்து."

முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது.

பழைய மெசேஜில் இன்றைக்கு வரப்போகிற பள்ளம் எப்படி இருக்கும்? பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். ஒயரைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். நான் செய்யவில்லை. ஏழு மாதமாக அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று கிடந்தவன் நான். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று மிதித்தேன்.

"அடுத்தது ரைட்டு."

லெஃப்டில் திருப்பினேன்.

"ரைட்டுன்னு சொன்னேன்டா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தும் இந்தப் பழக்கம் போகவில்லையே என்று. மழையில் நனைந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். "தெரியும்க்கா, தெரியும்" என்றேன் சத்தமாக. வேலியோரம் ஒதுங்கி நின்ற ஒரு கிழவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் குரலுக்குப் பின்னால் வேறு சத்தங்களும் கேட்டன. மின்விசிறி ஓடும் சத்தம். அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பை இழுக்கிற சத்தம்... கிர்ர்ர்க். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி... கிர்ர்ர்க். நடுவில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது.

"லெஃப்ட்டு. இந்தத் தடவை யோசிச்சுத்தான் சொல்றேன். சத்தியமா லெஃப்ட்டு."

இதைத்தானே எப்போதும் சொல்வாள். ரைட்டில் போனேன்.

"டேய்... நேரம் ஆகுதுடா."

வேகமாக மிதித்தேன். வீடுகள் குறைந்தன. தெருவிளக்குகள் குறைந்தன. தார் போய் மண் பாதை வந்தது. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். குடும்பம் குடியிருக்கிற இடமாகத் தெரியவில்லை. ஆனாலும் அக்கா சொல்லி நான் வழி தவறியதே இல்லையே.

"ரைட்டு... ரைட்டுடா... சொல்றதக் கேளேன்டா..."

குரல் அழ ஆரம்பித்திருந்தது. உயிரோடு இருந்தபோது அவள் அழுது நான் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன்.

லெஃப்டில் திருப்பினேன்.

சுவர்.

பெரிய மதில் சுவர். பாதை அதோடு முடிந்தது.

சைக்கிளைப் போட்டுவிட்டு, மழைக்கோட்டை விலக்கி, போனை வெளியே எடுத்தேன். உடனே கவருக்குள்ளிருந்து டீச்சரம்மா பேசினாள்.

"யு-திருப்பம் செய்யவும். யு-திருப்பம் செய்யவும்."

போனின் ஸ்பீக்கரில்.

அப்படியென்றால் என் காதில்?

ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. நுனி கையில் வந்தது. அது போனில் சொருகியிருக்கவில்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அடியில் இழுபட்டது இதுதான்.

மணி ஏழு முப்பத்திரண்டு.

காதில் வேன் ஹாரன்.

கதவு இழுத்துச் சாத்துகிற சத்தம்.

"மாமா வரல... மாமா வரல..."

மிளகு.

வண்டி கிளம்பித் தேய்ந்து போனது.

அப்புறம் அவள். மிக அருகில். கேரியரில் உட்கார்ந்து என் தோளுக்கு மேலாகப் பேசுவாளே, அந்தத் தூரத்தில்.

"போயிட்டாங்கடா."

டிக்.

அவ்வளவுதான். இன்றைக்கு வரை அந்த இயர்போனில் வேறு எதுவும் கேட்கவில்லை.

டீச்சரம்மா சொன்னபடி திரும்பி ஓட்டினேன். போய்ச் சேர எட்டரை ஆயிற்று. அத்தானின் நண்பர் கதவைத் திறந்தார். கூடத்தில் டேப் துண்டுகளும் ஒரு காலி அட்டைப்பெட்டியும் கிடந்தன.

"கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு தம்பி... ரொம்ப நேரம் பார்த்தாங்க. டிரைவர் சத்தம் போட்டதாலதான் ஏறுனாங்க."

துண்டைக் கொடுத்தார். துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

மறுநாள் பகலில் உட்கார்ந்து மேப்பைப் பெரிதாக்கி, நான் போன பாதையை விரலால் தேடினேன். முச்சந்தியிலிருந்து சுவர் வரைக்கும். அவள் என்ன சொன்னாள், நான் எங்கே திரும்பினேன், ஒவ்வொன்றாக.

முச்சந்தியில் அவள் சொன்னது லெஃப்ட். லெஃப்டில் போயிருந்தால் பத்து நிமிடத்தில் அந்த வீடு. நான் ரைட்டில் போனேன். அதன் பிறகு அவள் ரைட் என்றாள். அதில் போயிருந்தாலும் சுற்றிக்கொண்டு அதே வீடுதான். நான் எங்கே தவறினாலும், அடுத்த திருப்பத்திலேயே அவள் என்னை அந்த வீட்டை நோக்கித்தான் திருப்பிவிட்டிருக்கிறாள். ஒரு திருப்பத்தில்கூட அவள் தப்பாகச் சொல்லவில்லை.

வாழ்நாளில் முதல் தடவையாக எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். என்னைத் தவிர வேறு யார் கேட்டிருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

மூன்று வாரம் கழித்து அத்தான் வீடியோவில் கூப்பிட்டார். புது ஊர், புது அறை, சுவரெல்லாம் வெள்ளை. மிளகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அத்தான் சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரச் சத்தம் கேட்டது.

"நீ ஏன் வரல?"

"வழி தப்பிடுச்சுடா செல்லம்."

"பொய். அம்மா உனக்கு எவ்ளோ நேரம் வழி சொன்னாங்க!"

போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

"ஜன்னல் பக்கத்துல நின்னுட்டு சொல்லிட்டே இருந்தாங்க. அப்பாவுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு."

"அம்மாவுக்குத்தான் லெஃப்ட் ரைட் தெரியாதே, மிளகு..."

"அதான் நான் எழுதி விட்டேன்ல!" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "என் ஸ்கெட்ச் பேனால. இந்தக் கைல லெ, இந்தக் கைல ரை. அம்மா அதப் பாத்துப் பாத்துதான் சொன்னாங்க. கை ஒரே சில்லுன்னு இருந்துச்சு மாமா. மை ஒட்டவே இல்ல. மேல மேல எழுதுனேன்."

சமையலறையில் குழாய் நின்றது. மறுபடி ஓடியது.

"இன்னும் அழியல" என்றாள். "காட்டச் சொல்லவா?"

திரையில் அவளைத் தவிர யாரும் இல்லை. பின்னால் வெள்ளைச் சுவர்.

"காட்டச் சொல்லு" என்றேன்.

மிளகு பக்கவாட்டில் திரும்பி நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் நின்றால் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். தலையாட்டினாள்.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேணாமாம். நீ அழுவியாம்."