பாதை என்று நான் குறித்த ஓடை

எங்கள் ஊர்க் குன்றின் உச்சியில், பழைய பங்களா ஒன்றில் அருங்காட்சியகம் இருக்கிறது. நடுகற்களும் ஓவியங்களும் உள்ளே இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சரிவு முழுவதையும் சிற்பத் தோட்டமாக்கி, குன்றடியில் புதிய கூடமும் கட்டி அருங்காட்சியகத்தை விரிவாக்க முடிவானபோது, அளவெடுத்த குழுவில் நான் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வரைபடத்தின் மூலையில் என் கையெழுத்து இருந்தது. அதைப் படம் பிடித்து அப்பாவின் செல்போனில் ஏற்றிக் கொடுத்திருந்தேன்.

ஊராரிடம் ஒப்புதல் கேட்கும் கூட்டம் குன்றடியில் நடந்தது. புதிய கூடத்தின் சுவர் வரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அப்பா அதன் அருகே போய் நின்றார். மேலே குன்றைப் பார்த்தார். பிறகு கீழே ஏரியைப் பார்த்தார். அவர் பார்வை போன வழியே நானும் பார்த்தேன்.

கோடு குறுக்கே போன இடத்தை நான் 'நடைபாதை' என்று குறித்திருந்தேன். பள்ளிக்கு அதில் நடந்துதான் போனேன். ஆனால் அது ஓடை. ஐப்பசி மழையில் குன்றுத் தண்ணீர் முழுவதும் அதில்தான் ஏரிக்கு இறங்கும். நாங்கள் அளவெடுத்தது சித்திரையில். அங்கே சுவர் எழுந்தால் ஏரி நிரம்பாது. ஏரியை நம்பிய வயல்கள் காயும், எங்களுடையதும்தான்.

"ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றார் அதிகாரி.

பக்கத்து நிலத்துக்கார அக்கா அப்பாவைச் சீண்டினார். "என்னங்கண்ணா, பேசாம நிக்கறீங்க? தண்ணி செவுரேறிக் குதிச்சா ஏரிக்கு வரும்?"

அப்பா திரும்பவில்லை. "எம்பொண்ணு போட்ட படம். பாத்துத்தான் போட்டிருக்கும்."

அவருக்குத் தெரியும். தெரிந்தும், சபையில் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்" என்று எழுந்தேன். "அது பாதை இல்ல, ஓடை. நான்தான் தப்பா குறிச்சேன்."

எங்கள் குழுத் தலைவரின் முகம் சிவந்தது. "இந்த ஊர்க்காரிதானே நீ? உனக்கே தெரியாதா?"

"தெரியும் சார். தெனமும் நடந்து நடந்து, தண்ணி போற எடங்கறதே நெனப்புல வரல."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி பேனாவை மூடினார். கூடத்தை ஓடையை விட்டுத் தள்ளிவைக்க மறுபடி அளவெடுக்கச் சொன்னார். அந்த வேலையில் நான் இருப்பேனா என்று தலைவர் சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் காரில் ஏறிப் போய்விட்டார்.

அப்பா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "எல்லார் முன்னாலயும் சொல்லணுமா கண்ணு? வூட்ல வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"வூட்ல சொன்னா செவுரு நகருமாப்பா?"

அவர் சுண்ணாம்புக் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தபடியே முன்னால் நடந்தார்.