வாசலுக்கு வந்த தோணி

பொழிச்சலூரில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியை விட்டு எங்களோடு இருக்க வந்தார்கள். சாமான் லாரியில் அப்பா சில பழைய பலகைகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர் ஓட்டிய தோணியை உடைத்தபோது கேட்டு வாங்கிய தேக்கு. வாசல் கதவுக்கு ஆகும் என்றார்.

அம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“சக்களத்தியையும் கூட்டிட்டு வந்துட்டியளா? அவ வாசல்ல நின்னா நான் ஊருக்கே போயிருவேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தத் தோணி எங்கள் கடற்கரையிலேயே கட்டியது. தாத்தா காலத்தில் பாய் விரித்து ஓடியது. அப்பா தண்டலாகி, அதாவது தோணியின் தலைவராகிப் பொறுப்பேற்ற பிறகு இன்ஜின் வைத்தார்கள். வெங்காயம், கருவாடு, கூரை ஓடு எல்லாம் அதில்தான் கொழும்புக்குப் போகும். கரையில் இருக்கும் நாட்களிலும் அப்பா குங்கிலியம் காய்ச்சித் தோணியின் ஒழுகலை அடைக்கப் போய்விடுவார். நான் பிறந்ததே அவர் கொழும்பிலிருந்து திரும்பிய பிறகுதான் அவருக்குத் தெரியும். கன்டெய்னர் கப்பல்கள் வந்து சரக்கை அள்ளிக்கொண்ட பிறகு தோணி கரையேறி நின்று மக்கியது. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அவள் சொன்னால் சொன்னதுதான். இந்த வயதில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் இருப்பதா?

மறுநாள் அப்பாவே கதவு செய்ய வந்த தச்சரிடம், “இந்தப் பலகை வேண்டாம் தம்பி, நீங்களே எடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“இன்னா பெரியவரே, ஒரே ஆணியா கீது,” என்று முனகியபடி தச்சர் பலகையில் இருந்த தகர ஒட்டு ஒன்றைப் பெயர்த்தார். “உள்ள துணி வேற வச்சு அடைச்சிக்கீது.”

கறுத்துப்போன துணியின் ஓரத்தில் கொஞ்சம் பச்சைக் கரை தெரிந்தது. அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“இது என் சேலைல்லா?”

“ஆமா,” என்றார் அப்பா. “நடுக்கடல்ல பலகை விரிசல் விட்டுருச்சு. கையில அதுதான் இருந்துச்சு.”

“அவுத்துப் போட்ட சேலையக் காணோம்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சண்டை போட்டேனே. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

“போர்த்திக்கிட்டுப் படுக்க எடுத்துட்டுப் போனேன்.”

“கேட்டிருந்தா புதுசே தந்திருப்பேன்.”

“புதுசுல உன் வாசம் இருக்காதுல்லா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா தச்சரிடம் திரும்பினாள்.

“அந்தத் துணியை எடுக்காதீங்க தம்பி. அப்படியே வச்சுக் கதவு செய்ங்க.”